நிற்பதற்கான சக்கரம்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை உலகம் தேவைக்கு மேல் புகழ்ந்துவிட்டது. உருட்டுவதற்கு ஒன்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். உருண்டதை நிறுத்தி, துடைத்து, மெருகேற்றி, தள்ளி நின்று ரசிக்கலாம் என்று தோன்றியதே, அந்தக் கணத்தில்தான் நாகரிகம் பிறந்தது. அந்த நாகரிகத்தின் உச்சியில் ஒரு மருத்துவமனை கொடி நாட்டிய வரலாறு இது. கொடிக்குக் கம்பாக நின்றவர் 'டாக்டர்'.

இவர் ஊசி போடுகிற டாக்டர் அல்லர். கார்களின் அலாய் சக்கரங்களுக்கு மறுவாழ்வு தரும் பட்டறைக்காரர். குழியில் விழுந்து நெளிந்தது, நடைபாதைக் கல்லில் உரசிக் காயம்பட்டது எல்லாம் இவர் கைபட்டால் புதுமாப்பிள்ளைக் களையோடு வெளியே வரும். அதனால் ஊரே சேர்ந்து கொடுத்த பட்டம்.

மருத்துவமனையின் தரத்தை ஆய்வு செய்ய ஒரு குழு வரப்போவதாகக் கடிதம் வந்தது. கண்காணிப்பாளர் அவசரக் கூட்டம் கூட்டினார். கூரை ஒழுகுகிறது என்றார் ஒருவர். கட்டில் போதவில்லை என்றார் இன்னொருவர்.

"குழு வந்து இறங்கினதும் முதல்ல கண்ணுல படுறது என்ன?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"ஆம்புலன்ஸ், சார்."

"அதுல?"

"சக்கரம், சார்."

மூன்று மணி நேர 'ஆழ்ந்த பரிசீலனை'க்குப் பிறகு கூரை அடுத்த கூட்டத்துக்கும், சக்கரங்கள் டாக்டருக்கும் அனுப்பப்பட்டன.

டாக்டர் நான்கு நாள் சோறு தண்ணி மறந்தார். பழைய பெயின்ட்டை உரித்தார். நெளிவெடுத்தார். லேத்தில் ஏற்றி மேல்தோலை மயிரிழை அளவு சீவினார். உப்புத்தாளைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கத் தாள் மென்மையாகிக்கொண்டே போனது, அவர் முகமும் அப்படியே. கடைசியில் பளபளப்புக்கு லேக்கர் பூச்சு அடித்து, சூட்டு அறையில் வைத்து எடுத்து, மடியில் கிடத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நிறைமாதக்காரியான மனைவி வாசலில் வந்து நின்றாள். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு.

"என் முகத்த இப்படி ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?"

"உன் முகத்துல கீறல் ஏதும் இல்லியேம்மா," என்றார் டாக்டர், மனப்பூர்வமாக.

சக்கரங்கள் மாட்டப்பட்டன. கண்காணிப்பாளர் குனிந்து, முன்சக்கரத்தில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டார். "எத்தனை நாளுக்கு இப்படியே இருக்கும்?"

டாக்டருக்குப் பெருமை தலைக்கேறியது. "சேறு, தூசி, பிரேக் கரி எதுவும் படாம வச்சிருந்தா ஆயுசுக்கும் இருக்கும், சார்!"

மறுநாளே சுற்றறிக்கை வந்தது: 'நிபுணர் கருத்தின் அடிப்படையில், ஆய்வு முடியும்வரை ஆம்புலன்ஸ் இயக்கப்படலாகாது.' டாக்டர் ஒரு நகல் வாங்கி வந்து பட்டறைச் சுவரில் ஒட்டினார். 'நிபுணர்' என்ற சொல்லின்கீழ் சிவப்பு மையில் கோடு போட்டார்.

பத்தாம் நாள் காலை, குழு வரும் அன்றே, மனைவிக்கு வலி எடுத்தது. டாக்டர் பதறிப்போய் போன் போட்டார். எடுத்தவர் ஆம்புலன்ஸ் டிரைவர்.

"வண்டி இருக்காண்ணே?"

"இருக்கே! ஜம்முனு நிக்குது."

"உடனே அனுப்புங்க. வீட்டுல பிரசவ வலி."

"அனுப்ப முடியாதே. சக்கரம் மாட்டியிருக்கு."

"சக்கரம் இருந்தாத்தானே ஓடும்?"

"அது ஓடுற சக்கரம். இது நிக்கிற சக்கரம். உங்களுக்கு முன்னாடி ஏழு பேர் கேட்டாச்சு. எல்லாருக்கும் இதே பதில்தான்."

"எந்த மடையன் ஓட்டக் கூடாதுன்னு சொன்னான்?"

"நிபுணர்," என்றார் டிரைவர் மரியாதையாக. "நீங்கதான்."

"அப்ப என் கருத்த வாபஸ் வாங்கிக்கிறேன்!"

"எழுதிக் கையெழுத்துப் போட்டு மூணு நகல் கொண்டாங்க. அடுத்த கூட்டத்துல வைப்பாங்க. ஏற்கெனவே அங்க கூரை இருக்கு."

டாக்டர் போனை வீசினார். பட்டறையின் சரக்கு ஆட்டோவில் கம்பளத்தை விரித்து, நெளிந்த சக்கரங்களுக்கு நடுவே மனைவியைப் படுக்க வைத்தார். ஒவ்வொரு குழியிலும் சக்கரங்கள் கணகணவென்று தாளம் போட்டன. அவள் அவருடைய தொழிலை, அவருடைய பட்டத்தை, அவரைப் பெற்றவர்களை என்று ஒவ்வொன்றாக எடுத்து விளாசிக்கொண்டே வந்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக டாக்டர் எதையும் பளபளப்பாக்க விரும்பாமல் அழுதுகொண்டே ஓட்டினார்.

மருத்துவமனை வாசலில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆய்வுக் குழு மொத்தமும் ஆம்புலன்ஸின் முன் மண்டியிட்டு, சக்கரத்தில் தங்கள் முகங்களைத் தரிசித்துக்கொண்டிருந்தது. ஒரு நர்ஸ் மட்டும் கயிற்றைத் தாண்டி இந்தப் பக்கம் குதித்து ஓடிவந்து சரக்கு ஆட்டோவில் ஏறினாள். கால்மணி நேரத்தில் 'வீல்' என்று ஒரு குரல் கேட்டது.

குழுத் தலைவர் நிமிர்ந்தார். "அது என்ன சத்தம்?"

"புது லேக்கர், சார்," என்றார் கண்காணிப்பாளர். "காயற வரைக்கும் கொஞ்சம் கத்தும்."

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். ஆம்புலன்ஸும் நலம்.

மூன்றாம் நாள் டிரைவர் பிரசவ வார்டுக்கு ஒரு காகிதத்தோடு வந்தார். தர ஆய்வில் மருத்துவமனைக்கு முதல் பரிசு கிடைத்திருந்தது. அதற்கான நற்சான்று. டாக்டர் கை நீட்டுவதற்குள் மனைவி வாங்கி, குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி படித்தாள்:

"'பராமரிப்பின் உன்னதத்தால், கடந்த பத்து நாட்களில் இந்த ஆம்புலன்ஸில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.'"

டாக்டர் தரையைப் பார்த்தார். டிரைவர் கூரையைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை பொய் இல்ல," என்றாள் அவள். "நானும் போகல. எனக்கு முன்னாடி கேட்ட ஏழு பேரும் போகல. அவங்க எங்க போனாங்கன்னுதான் எழுதல." பிறகு காகிதத்தையும் பேனாவையும் கணவனிடம் நீட்டினாள். "கீழ நிபுணர் கையெழுத்துக்குன்னு இடம் விட்டிருக்காங்க. போடுங்க."