ஜமுக்காளத்தில் குப்புறப் படுத்த மாப்பிள்ளை

வலி வந்தால் வெளியே சொல்லாமல் இருப்பதை இருபத்தாறு வயது வரை வீரம் என்றே நினைத்திருந்தேன். அந்த வீரத்தால் எனக்கு வாய்க்க இருந்த பெண்ணே கைநழுவிப் போகப் பார்த்தாள்.

யுத்த காலம் அது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்களெல்லாம் கரி வாயுவில் ஓடின (ஓடின என்பது மரியாதைக்குச் சொல்வது, பாதி தூரம் நாங்கள்தான் தள்ளினோம்). ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவரின் மகள் செண்பகத்தைப் பெண் பார்க்க அக்காவும் அத்தானும் என்னை அழைத்துப் போனார்கள். அவளை ஒரு கல்யாண வீட்டில் நான் முன்பே பார்த்திருந்தேன். பந்தியில் யாரோ சொன்னதற்கு அவள் சிரித்தாள். எனக்குப் பாயசம் உள்ளே இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்ததால், இதுவும் போய்விடுமோ என்ற பயம் வேறு.

பழையகாயல் பக்கம் பஸ் நின்றது.

"ஏலே மாப்ள, நீ இறங்காத. வேட்டி கரியாயிரும்" என்றார் அத்தான்.

நான் கேட்பேனா? முதல் ஆளாக இறங்கி மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். பஸ் நகர்ந்தது. என் இடுப்புதான் நகர மறுத்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் வைத்தியர்களாகிவிட்டார்கள். ஒருவர் நல்லெண்ணெய் என்றார், இன்னொருவர் சுக்குப் பற்று, ஒரு அம்மாள் உப்பு ஒத்தடம். "ஒண்ணுமில்ல" என்று எல்லோருக்கும் சிரித்துவைத்தேன்.

பெண் வீட்டில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். எப்படியோ உட்கார்ந்துவிட்டேன். பெண்ணின் அப்பா நீட்டிய வெற்றிலைத் தட்டை வாங்கக் குனிந்தவன் அப்படியே மடங்கிப்போனேன்.

"மாப்பிள்ளைக்கு இடுப்புல எதுவும் கோளாறா?" என்று அவர் அக்காவிடம் கேட்டார். அந்தக் குரலிலேயே சம்பந்தம் பாதி முறிந்திருந்தது.

"பஸ்ஸத் தள்ளுனான், அண்ணாச்சி. சுளுக்கா இருக்கும்."

அவர் முகம் தெளிந்தது. "அம்புட்டுத்தான? எங்க செண்பகம் காலு முன்ன வரப் பிறந்தவ. அவ மிதிச்சா சுளுக்கு நிக்காது. சுத்துப்பட்டுல எல்லாரும் இங்கதான வாராவ."

காலால் பிறந்தவர்கள் மூன்று முறை மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என்னைக் குப்புறப் படுக்கப் போட்டார்கள். பெண் பார்க்கப் போனவன் பார்த்ததெல்லாம் ஜமுக்காளத்தின் சிவப்புக் கோடுகளைத்தான். கொலுசுச் சத்தம் வந்தது. மூன்றாவது மிதியில் என் உயிர் திருச்செந்தூர் வரை போய்த் திரும்பியது.

"வலி போயிட்டு" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

செண்பகம் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "போகலப்பா. பொய் சொல்லுதாவ. இது என் மிதிக்குக் கேக்காது, டாக்டருட்டக் கொண்டுபோகச் சொல்லுங்க."

"ஏளா, உன் ராசிய நீயே கெடுக்கலாமா?"

"ராசி கெட்டாக் கெடட்டும். அவிய இடுப்பு கெடக் கூடாதுல்லா."

அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. முடிந்திருந்தால் எழுந்து நின்றிருப்பேன்.

தூத்துக்குடி டாக்டர் பலகைக் கட்டிலில் இரண்டு நாள் படுக்கை, ஆஸ்பிரின் மாத்திரை, சூட்டு ஒத்தடம், பிறகு தினமும் கொஞ்சம் நடை என்று சொன்னார். "எங்க வலிக்கு, எப்படி வலிக்குன்னு மறைக்காமச் சொல்லணும்" என்று அதட்டவும் செய்தார். வாழ்க்கையில் முதல்முறையாக வாய் திறந்து சொல்ல ஆரம்பித்தேன். போதும் என்று அவரே கையெடுத்துக் கும்பிடும் வரை நிறுத்தவில்லை. இரண்டு வாரத்தில் நிமிர்ந்துவிட்டேன். ஆத்தூரிலிருந்து சம்மதமும் வந்தது.

கல்யாணத்தன்று அம்மி மிதிக்கும் நேரம். குனிந்து செண்பகத்தின் காலைக் கையில் எடுத்தேன்.

"மாப்ள, தள்ளி நில்லுல. பழக்கதோசத்துல மிதிச்சிரப் போவுது" என்றார் அத்தான். பந்தலே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தப் பாயசச் சிரிப்பை அன்றைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

செண்பகம் அதற்குப் பிறகு யாரையும் மிதிக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாள் (ஊரின் கைவைத்தியத்தைக் கெடுத்த பாவம் இன்றுவரை என் தலையில்). எங்கள் வீட்டுப் பையன்கள் பெண் பார்க்கக் கிளம்பினால், ஜாதகத்துக்கு முன்னால் அவள் கேட்பது ஒன்றுதான். "ஏலே, எங்கயும் வலிக்கா?" இல்லை என்று எவனாவது யோசிக்காமல் சொன்னால், வீடே திரும்பி என்னைப் பார்க்கும்.