நடுவில் ஒரு வெள்ளை வட்டம்

மழை எங்கள் தெருவுக்குள் நுழையுமுன் மூன்றாம் மாடிக்காரரிடம் அனுமதி கேட்கிறது என்று ஒரு வதந்தி. பொய்யா மெய்யா என்று பார்த்துவிடலாமென்று ஒரு மதியம் படியேறினேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், கவனியுங்கள். இனத்தின் பெயர் ராடார் மாமா.

அடையாளம் சுலபம். ஜன்னலில் திரை தொங்கும். வெளிச்சம் பட்டால் மடிக்கணினியில் மேகம் சரியாகத் தெரியாதாம். ராடார் அனுப்பும் தரவை இறக்கி, அதைப் படிக்கிற மென்பொருளில் திறந்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஏற்றி, முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, எங்கோ தொலைவில் முன்பின் தெரியாத யாரோ நனையப்போவதற்கு உச்சுக்கொட்டுவார். பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருக்கும்.

அன்று மொட்டைமாடியில் அவர் மகளின் வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. இருக்கிற ஒரே நல்ல சட்டை அதுதான்.

"இருட்டிக்கிட்டு வருதுங்க. எடுத்துடவா?" என்றார் மனைவி.

"படத்தைப் பாரு. சுத்தி எல்லாம் சிவப்பு. நம்ம தலைக்கு மேல மட்டும் பளிச்சுன்னு வெள்ளை! இன்னும் என்ன வேணும்?"

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. கொட்டித் தீர்த்துச்சு."

"நேத்தும் வெள்ளையாத்தானே இருந்துச்சு!"

சடசடவென்று கொட்டியது. வதந்தி பொய், மழை யாரையும் கேட்கவில்லை. மாமா கணினியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கூரையைத்தான் நம்பவில்லை.

மனைவி சொட்டச் சொட்டச் சட்டையோடு இறங்கி வந்தார். மகள் மென்பொருளின் உதவிப் பக்கத்தைத் திறந்தாள்.

"அப்பா, ராடாருக்குத் தன் தலைக்கு நேர் மேல என்ன இருக்குன்னு தெரியாதாம். வெள்ளைன்னா மழை இல்லைன்னு அர்த்தமில்ல. பார்க்க முடியலைன்னு அர்த்தம். அந்த ராடார் நம்ம பின்பக்கக் குன்று மேலதானே நிக்குது!"

மாமா அசந்தாரா?

"அப்ப ராடார் மேல தப்பில்ல. இங்க வந்து வீடு பார்த்தவங்களைச் சொல்லணும்."

வீடு பார்த்தவர் மனைவி. அதன்பிறகு அங்கே அடித்த இடியும் எந்தப் படத்திலும் பதிவாகவில்லை.

சிரிக்கிறீர்களா? யார் வீட்டில் எப்போது புயல் அடிக்கும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிறவர்தானே நீங்கள்? உங்கள் படத்தின் நடுவில் வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா, பாருங்கள்.

மகள் என் மனைவியின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள். வேலை கிடைத்துவிட்டது. சட்டைதான் இன்னும் எங்களிடம் திரும்பி வரவில்லை. மாமா தன் கையால் துவைத்துக் காயவைத்துத்தான் தருவாராம்.

"நம்ம தலைக்கு மேல மழை இல்லைன்னு மட்டும் படத்துல உறுதியாகட்டும்."