மாமாவின் சிவப்புக் கார் சுடுகாட்டுக்குப் போன கதை

சாவு வீட்டில் வேலையில்லாமல் நிற்கிற ஆம்பளையைவிட ஆபத்தான பிறவி கிடையாது. அவனுக்கு அழவும் வராது, ஓரமாக உட்காரவும் முடியாது. பந்தல்காரனுக்கு யோசனை சொல்வான், ஐஸ் பெட்டியின் பிளக்கை ஆட்டிப் பார்ப்பான். என் கையில் அகப்பட்டது ஒரு கார்.

கார் என் தாய்மாமாவுடையது. திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருந்த மனுஷனுக்கு, ஊட்டிப் பக்கம் எஸ்டேட்காரர் ஒருவர் கழித்துக் கட்டிய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்மேல் ஏன் ஆசை வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ரெண்டே சீட்டு, தலைக்குமேல் கூரை கிடையாது, அவர் வாங்கும்போதே கிழடு. மதுரை ரோட்டில் மிதித்தால் பறக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போச்சு. குளிர்ஜுரம் கண்டது போல உடம்பு முழுக்க உதறி, ரெண்டு தடவை இருமி, நின்றுவிடும். (ஐடிலிங் என்பார்கள். வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் மட்டும் சீராக ஓட வேண்டும். அந்த நல்ல பழக்கம் இதற்குக் கிடையவே கிடையாது.) ரயில்வே கேட்டில் நிற்கும். கோயில் வாசலில் நிற்கும். கல்யாண மண்டபத்தில் சம்பந்தி வீட்டார் எதிரிலேயே நிற்கும். ஒவ்வொரு தடவையும் அத்தைதான் இறங்கி, பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுவாள். அவர்கள் இருந்த நாகல் நகர் தெருவே வெளியே வந்து சிரிக்கும். மாமாவுக்குத் 'தள்ளுவண்டிக்காரர்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்த மாமா ஒருநாள் காலையில் காப்பி டம்ளரைக் கையில் வைத்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கவிதா துபாயிலிருந்து வர வேண்டும் என்பதால் மறுநாள் மாலை எடுப்பதாக முடிவானது. அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அழுது அழுது அவளுக்குக் குரலே போயிருந்தது.

"மருமகனே, அவரு போட்டோவ அந்தக் கார்ல வச்சு முன்னால விடணும்."

"சரித்தே. விட்ருவோம்."

"அது நிக்கக் கூடாதுய்யா. நான் தெரு முனை வரைக்கும்தான வர முடியும்? அம்புட்டுத் தூரமாச்சும் அது நிக்காமப் போறத என் கண்ணால பாத்துக்கிறேன். இந்தத் தெரு அவரப் பாத்துச் சிரிச்சது போதும்."

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெரு முனையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கட்டிய புருஷனாக இருந்தாலும் அத்தோடு திரும்பிவிட வேண்டியதுதான். அவளுக்குக் கிடைக்கப்போவது அந்த ஒரு தெரு நீளம் மட்டுமே.

"கவலைய விடுங்கத்தே, நான் பாத்துக்கிறேன்" என்றேன். எனக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. எஞ்சின் ஞானம் அத்தனையும் செல்போனில் வீடியோ பார்த்துச் சேர்த்தது. அன்றைக்கு அந்த வாயை யாராவது தைத்திருக்கலாம்.

சவ ஊர்வலம் நடை வேகத்தில்தான் போகும். இந்த வண்டிக்கு ஆகவே ஆகாத வேகம் அது. மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், உதறியது. பெட்ரோல் குழாயை வாய் வைத்து ஊதினேன், வாயெல்லாம் பெட்ரோல், அப்போதும் உதறியது. ஸ்டார்ட் பண்ணும் போதெல்லாம் புகை நேராகப் பந்தலுக்குள் போய், ஒப்பாரி வைத்தவர்கள் முக்கால்வாசி நேரம் இருமிக்கொண்டிருந்தார்கள். குஜிலியம்பாறையிலிருந்து வந்திருந்த பெரியப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏலே அப்பு, நீ போடுற சத்தத்துல செத்தவன் எந்திரிச்சு வந்து ஒன்னைய அடிக்கப் போறாம்லே."

வீடியோவில் ஒரு வழி சொன்னார்கள். எஞ்சினோடு சேரும் ரப்பர் குழாய் எங்காவது வெடித்திருந்தால், அதன் வழியே வேண்டாத காற்று உள்ளே போய் இப்படி உதறுமாம். ஓடும்போது குழாய்கள்மேல் தண்ணீர் தெளித்தால், வெடிப்பு உள்ள இடத்தில் சத்தம் மாறுமாம். தெளிக்க எதுவும் கிடைக்கவில்லை. மாமாவின் தலைமாட்டில் பன்னீர்ச் செம்பு இருந்தது. "மாமா, செத்த நேரம்" என்று சொல்லி எடுத்து வந்தேன். (அவர் ஆட்சேபிக்கவில்லை.)

மூன்றாவது குழாயில் பன்னீர் பட்டதும் சத்தம் மாறியது. விரல் நீளத்துக்கு வெடிப்பு. சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிச் சுற்றினேன். உதறல் நின்றது! எஞ்சின் தையல் மெஷின் போல ஓடியது. பந்தலுக்குள் அழுகை அடங்கி, அத்தை எழுந்து வாசலுக்கு வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இப்படியும் ஓடுமா இது? அந்த மனுசன் கேக்காமப் போயிட்டாரே" என்று சொல்லி மறுபடி அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அத்தோடு கையைக் கழுவியிருந்தால் இன்றைக்கு நான் மரியாதையான மனிதன். சும்மா இருப்பேனா? மெதுவாகப் போனால் எஞ்சின் சூடேறுமே என்று அதை மூடியிருந்த பானட்டைக் கழற்றித் திண்டுக்கல் வெயிலில் சுவரோரம் சாய்த்தேன். ஏர் ஃபில்டர் ஒரே அழுக்கு, கொஞ்சம் தாராளமாக மூச்சு விடட்டும் என்று அதையும் கழற்றினேன். எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்டுகிற கார்புரேட்டர் இப்போது வாயைப் பிளந்துகொண்டு ஓடியது.

கவிதா வந்து சேர்ந்தாள். ஊர்வலம் கிளம்பியது. முதலில் கொட்டு, அடுத்து மாமாவின் போட்டோவோடு நான் ஓட்டும் கார், எனக்குப் பின்னால் நிலக்கோட்டைப் பூவால் மூடிய ரதத்தில் மாமா, கடைசியில் பெண்கள். தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் அத்தையைத் தேடினேன். ரதத்தின் ஓரமாக ஒதுங்கி, காரையே பார்த்துக்கொண்டு நடந்து வந்தாள்.

சவ ஊர்வலத்தில் வழியெங்கும் பூவும் பொரியும் இறைப்பது வழக்கம். இதை நான் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். ஆனாலும் அன்றைக்கு நினைவில் வரவில்லை. கொட்டுக்கும் காருக்கும் நடுவில் மாமாவின் பங்காளி ஒருவர் கூடை நிறையப் பொரியோடு நடந்தார். பாசக்கார மனுஷன். அள்ளி அள்ளித் தலைக்குமேல் பின்பக்கமாக வீசினார். திறந்து கிடந்த எஞ்சின் அத்தனையையும் உறிஞ்சிக் குடித்தது.

முதலில் ஒரு விக்கல். அப்புறம் 'டமார்' என்று ஒரு வெடி. கொட்டுக்காரர்கள் அதைச் சாவு வெடி என்று நினைத்துக் குஷியாகி ரெண்டு மடங்கு வேகத்தில் அடித்தார்கள். கருகிய பொரி வாசனை வந்தது. கார் உதறியது, இருமியது, தெரு முனைக்கு நாலு வீடு இருக்கும்போதே செத்தது. குறுகிய தெரு, ரதம் விலகிப் போக வழியில்லை. கொட்டு நின்றது. எங்கிருந்தோ ஒருவன் சிரித்தான்.

ஐயோ, பின்னால் படுத்திருப்பது நானாக இருக்கக் கூடாதா என்றிருந்தது. சாவியைத் திருகினேன், திருகினேன், ஒரு முனகல்கூட இல்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கார் லேசாக அசைந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அத்தை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வழக்கமாகக் கை வைக்கும் அதே இடத்தில் கை வைத்திருந்தாள்.

"நியூட்ரல்ல போடு மருமகனே."

தள்ளினாள். ஓடி வந்து கவிதாவும் கை கொடுத்தாள். தெரு முனை வந்ததும் பெரியப்பா குறுக்கே நின்றார்.

"போதும் தாயி. இதுக்கு மேல பொம்பளைக வரக் கூடாது. ஆம்பளைக தள்ளிக்கிருவோம்."

அத்தை நிமிரவே இல்லை.

"என்னைக்கு அண்ணே இது நான் தள்ளாமப் போயிருக்கு? தள்ளுங்க அந்தப் பக்கம்."

பெரியப்பா ஒதுங்கினார். சுடுகாடுவரை அத்தை தள்ளினாள். அங்கே கடைசிவரை மாமாவின் பக்கத்தில் நின்றாள்.

பிற்பாடு கார்புரேட்டரைப் பிரித்தபோது கைப்பிடி பொரி கிடைத்தது. எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றாலும் சரி, மோட்டார் நின்றாலும் சரி, "யாரு பொரி போட்டது?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள். எனக்குப் பழகிவிட்டது.

ஆனால் இன்னொன்றும் நடக்கிறது. எங்கள் குடும்பத்தில் இப்போது யார் போனாலும், பெண்கள் தெரு முனையில் நிற்பதில்லை. ஆம்பளைகள் யாராவது முகம் சுளித்தால், "வண்டி தள்ள ஆள் வேணும்ல?" என்றபடி நடந்துகொண்டே இருப்பார்கள். கார், துபாயைவிட்டு ஊரோடு வந்துவிட்ட கவிதா வீட்டு ஷெட்டில் படுதா மூடிக் கிடக்கிறது.