ஆய்வுக் கூட்டத்தில் நான் செலுத்திய மரியாதை

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, தையல்கடை மச்சினன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே மகன் வீட்டில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்கள் மூவரும் நலம். போக்குவரத்துக் காவலர் ஒருவரின் கால்சட்டை மட்டும் நலமில்லை.

ஆயாம்மா ஓய்வு பெற்றதும் நம் தெருக் குழந்தைகள் காப்பகத்தைப் பூட்டினார்களே, அன்றிலிருந்து மூன்று வயது மகள் என் தையல் மிஷினுக்கு அடியில்தான் வளர்கிறாள். அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. போன வாரம் நான் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது கத்தரிக்கோலைக் கைப்பற்றி, அந்தக் கால்சட்டையை முழங்காலோடு நிறுத்திவிட்டாள். அதுகூடப் போகட்டும். முந்தாநாள் ஓடுகிற ஊசிக்கடியில் விரலை நீட்டிவிட்டாள், மயிரிழையில் தப்பியது.

இந்த லட்சணத்தில்தான், தெருச் சங்கத் தலைவரான உங்களுக்கு வந்த அழைப்பை என் தலையில் கட்டினீர்கள். தெருவுக்குத் தெரு காப்பகம் திறப்போம் என்று நம் அரசாங்கம் உலக மாநாட்டில் வாக்குக் கொடுத்ததாம். அது எந்த மட்டில் இருக்கிறது என்று பொதுமக்கள் அமைப்புகளையே கூப்பிட்டுக் கேட்கும் ஆய்வுக் கூட்டமாம். "நாலு கேள்வி நறுக்குன்னு கேளுடா, ஆனா மரியாதையா பேசு" என்று போனில் சொன்னீர்களே, அந்த மரியாதைதான் என் கழுத்தை அறுத்தது. ஆளுக்கு இரண்டே நிமிடம், மேடையிலோ நாற்காலிக்கு நாற்காலி பெரிய மனிதர்கள். சங்கக் கூட்டங்களில் நீங்கள் பழக்கியபடி தலைவர் அவர்களே, இயக்குநர் அவர்களே, துணை இயக்குநர் அவர்களே என்று ஒருவர் விடாமல் விளித்தேன். நடுவில் ஒருவர் தாமதமாக வந்து உட்கார்ந்தார், விட்டால் கோபித்துக்கொள்வாரே என்று அவரையும் சேர்த்துக்கொண்டேன். "எங்கள் தெருக் காப்பகம்" என்று ஆரம்பித்ததும் மணி அடித்துவிட்டார்கள். "ஐயா, பூட்டிக் கிடக்குது ஐயா!" என்று கத்தினேன், மைக்கை அணைத்துவிட்டார்கள். மேடையிலிருந்த அதிகாரி அம்மா, "ரொம்ப நல்லா பேசினீங்க, உக்காருங்க" என்றார்.

சாயங்காலம் அறிக்கையைக் கையில் கொடுத்தார்கள். 'காப்பகங்கள் குறித்துப் பொதுமக்கள் பிரதிநிதி, மேடையிலிருந்த அனைவரையும் தனித்தனியே குறிப்பிட்டுப் பேசினார். குறை எதுவும் கூறவில்லை' என்று போட்டிருக்கிறது. வயிறு எரியுது அத்தான். இனிமேல் ஆய்வு, கூட்டம் என்று எவன் கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன், இது சத்தியம்.

அக்காவுக்கு அன்பு, மருமகனுக்கு ஆசிகள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் உங்களோடு சண்டை போடவேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அந்த அதிகாரி அம்மா போன் செய்தார். வெளிநாட்டில் நடக்கும் உலக ஆய்வுக் கூட்டத்தில் பொதுமக்கள் சார்பில் பேச என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். "உங்கள மாதிரி பக்குவமா பேசற ஆள் வேற யாரும் கிடைக்கல" என்றார். முகத்திலடித்தாற்போல் மறுக்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள், கூட்டத்துக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு அந்த மண்டபத்திலேயே காப்பகம் உண்டு, பொம்மை உண்டு, தூங்க மெத்தை உண்டு, பார்த்துக்கொள்ள ஆயா உண்டு என்று சொல்லிவிட்டார். கடையைப் பூட்டிவிட்டேன், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க மகளை அழைத்துக்கொண்டு கிளம்புகிறேன்.