நாலாவது ஒழுக்கு

குளியலறைச் சுவரில் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அதன் அடியில் காதை ஒட்டிக்கொண்டு எஞ்சின் டிரைவர் பத்து நிமிடமாக அசையாமல் நின்றார். ரயிலை விட்டு இறங்கி ஐந்து மாதமாகிவிட்டது. ஆனாலும் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் இன்னும் எஞ்சின் டிரைவர்தான்.

"அடுப்பைக் கொஞ்சம் அணை. உலை கொதிக்கிற சத்தத்துல தண்ணி ஓடுறது கேக்க மாட்டேங்குது," என்றார் மனைவியிடம்.

அவள் மறுபேச்சில்லாமல் அணைத்தாள்.

தண்ணீர் பில் இரண்டு மடங்காக வந்திருந்தது. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். எங்கேயோ ஒழுகுகிறது, அதைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன் இதே மனிதர் இப்படி இல்லை. முப்பத்தாறு வருடம் நிமிடம் தவறாமல் ஓடியவர், ஓய்வு பெற்ற மறுநாள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்ததுதான். கூப்பிட்டால் சாப்பிட்டார். மகள் போனில் பேசினால் "ம்" என்றார். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் மனைவிக்குப் பயம் அதிகமாகிவிட்டது. இல்லாத நோய்க்கு எந்த மருந்தைக் கொடுப்பது?

அப்புறம் ஒருநாள் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. அவராகவே எழுந்து வந்தார். கடைக்குப் போய் வாஷர் வாங்கி மாட்டினார். அன்று இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, வாஷர்களில் எத்தனை வகை என்று அவளுக்கு அரைமணி நேரம் விளக்கினார். மறுநாள் பழையபடி நாற்காலி.

அடுத்த வாரம் கைகழுவும் தொட்டியின் அடிக்குழாய் ஒழுகியது. எஞ்சினை முறுக்கிய கை அல்லவா? அவர் திருகிய திருகில் மரை விரிந்து தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடித்தது. ஓடிப்போய் மெயின் வால்வை மூடினார். வால்வின் கைப்பிடி தனியாகக் கையோடு வந்தது. இரண்டு நாள் கீழ்வீட்டிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தார்கள்.

"பிளம்பரைக் கூப்பிடலாங்களா?" என்றாள் மனைவி.

"எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?"

 அவள் முந்தானையால் அவர் தலையைத் துவட்டிவிட்டாள்.

அதையும் ஒருவழியாக அடைத்த பிறகுதான் இந்த பில். வீட்டிலுள்ள குழாய்களையெல்லாம் மூடிவிட்டு, ஸ்டூல் போட்டு மீட்டர் எதிரே உட்கார்ந்தார். யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று உத்தரவு. கையில் மாவோடு அவள் இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். மீட்டர் முள் மெல்ல நகர்ந்தது. அவருக்குக் கொள்ளை சந்தோஷம்.

டம்ளர் வைத்துக் கேட்டதில் சந்தேகம் கழிப்பறைத் தொட்டிமேல் விழுந்தது. தொட்டிக்குள் ஒரு புட்டி நீல மையை ஊற்றினார். கொஞ்ச நேரத்தில், யாரும் தண்ணீர் விடாமலே, கீழே கோப்பைக்குள் நீலம் இறங்கியது.

"இங்க வா, இங்க வா. மாட்டிக்கிச்சு பாரு," என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். அவள் கோப்பையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடைப்பு ரப்பரை மாற்றினார். மாற்றும்போது மிதவை சிக்கிக்கொண்டதைக் கவனிக்கவில்லை. தொட்டி நிரம்பி, உபரி நீர்க் குழாய் வழியாக வெளியே கொட்டியது. அதன் நேர் கீழே, மதிலில் கீழ்வீட்டம்மாவின் பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டிய கீழ்வீட்டம்மா பூனையைக் கையில் ஏந்தி நின்றாள்.

"சார், இது எங்க பூனை."

"தெரியும்மா. வெள்ளைப் பூனை."

"நேத்து வரைக்கும்," என்றாள் அவள்.

அதற்குமேல் பிளம்பரைக் கூப்பிடாமல் முடியவில்லை. வந்தவர் மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் டிரைவர் பின்னாலேயே நடந்து கேள்விமேல் கேள்வி கேட்டார். ஒரு வால்வைத் தன் கையாலேயே மாட்டினார். கடைசியில் எல்லாம் சரியென்றதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது.

"உன்னை ரொம்பப் படுத்திட்டேனா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

சோப்பையும் பழைய துண்டையும் எடுத்துக்கொண்டு பூனையைக் குளிப்பாட்டப் படியிறங்கிப் போனார். அவர் காலடிச் சத்தம் தேயும்வரை காத்திருந்த பிளம்பர், பையை மூடிக்கொண்டே குரலைத் தணித்தார்.

"போன ரெண்டு தடவையும் நீங்க கொஞ்சம் அதிகமாவே தளர்த்திட்டீங்கக்கா, அதான் பில்லு ஏறிடுச்சு, இந்தத் தடவை மொட்டைமாடிக் குழாய்ல நானே அளவா விட்டு வச்சிருக்கேன், சார் கண்டுபிடிக்க எப்படியும் பத்து நாள் ஆகும்."