சந்தனம் பூசிய நூலகம்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. நோர்வூட் தபால் கந்தோரில் வந்து கிடந்த புத்தகப் பெட்டியை எடுத்துவந்து, எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வைக்க வேண்டும்.

பிள்ளைக்காம்பரா என்றால், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். அதை ஆள்வது தெய்வானை ஆயா. தோட்டத்தை ஆள்வது துரை. எனக்கு ஆள ஒன்றும் இல்லை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார்.

புத்தகம் கேட்டுக் கொழும்புச் சீமாட்டிகளுக்கு எழுதியவன் நான்தான். "எங்கள் பிள்ளைகள் அறிவுப் பசியால் வாடுகிறார்கள்" என்று எழுதினேன். மற்றப் பசியைப் பற்றி எழுதவில்லை. அதற்குப் புத்தகம் அனுப்ப மாட்டார்கள்.

துரை பெருந்தன்மையோடு ஓர் அலமாரியை ஒதுக்கினார். பிள்ளைக்காம்பராவில் ஏற்கெனவே இருந்த அலமாரி. ஆயாவின் அலமாரி. ஆயாவை அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"தொரசாணி வர்றது, பாக்கிறது," என்றார் துரை, தமது தோட்டத் தமிழில். "பிள்ளை படிக்கிறது இல்லே, புஸ்தகம் வேறே தோட்டம் போறது. தெரியும்தானே வாத்தியார்?"

"தெரியும் சேர்."

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

"வாத்தியாரய்யா தலையில இவ்வளவு புத்தகம் ஏறி இன்னைக்குத்தான் பாக்கிறேன்!" என்றார் கொண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். டிக்கட் எடுத்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

பிள்ளைக்காம்பராவில் ஆயா இடுப்பில் ஒரு பிள்ளையோடு நின்றாள். அலமாரியிலிருந்து பால்மா டின்களையும், தொட்டில் துணிகளையும், அவளுடைய வெற்றிலைப் பெட்டியையும் எடுத்து வெளியே வைத்தேன்.

"இதெல்லாம் நான் எங்க வைக்கிறது? ஒங்க தலையிலயா?"

"எடமில்ல ஆயாம்மா. இப்பத்தான் ஒரு பாரத்தை எறக்கினேன்."

பெட்டியைத் திறந்தேன். புது மையின் வாசனை. எல்லாம் படப் புத்தகங்கள். மேலே இருந்ததன் அட்டையில் பெரிய யானை ஒன்று. தவழ்ந்தும் தத்தியும் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பூமணி என்கிற குட்டி, "ஆனை!" என்று கத்திக்கொண்டு ஈரக் கையை அதன் தும்பிக்கையில் வைத்தாள். என் வாழ்க்கையில் நான் நடத்திய எந்தப் பாடத்துக்கும் அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை.

ஆயா புத்தகத்தைப் பிடுங்கி மேலே வைத்தாள். "வாயில வச்சிருவா."

பூமணி அழ ஆரம்பித்தாள்.

ஆயாவைச் சமாதானப்படுத்த நினைத்தேன். குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கென்று ஒரு புத்தகம் பெட்டியின் அடியில் இருந்தது.

"இது ஒங்களுக்குன்னே வந்திருக்கு ஆயாம்மா."

"எனக்கா? கொழும்புல எனக்கு யாரு சொந்தம்?"

எழுத்துத் தெரியாதவள் என்பதால் நானே வாசித்துக் காட்டினேன். குழந்தை அழுதால் உடனே தூக்கக் கூடாதாம். சற்று அழவிடுவது நுரையீரலுக்கு நல்லதாம். அதற்குள் பூமணியின் அழுகை தொட்டில்களுக்கும் பரவிவிட்டது.

"அப்படியா போட்டிருக்கு?" என்று ஆயா முக்காலியில் உட்கார்ந்தாள். "ஒக்காருங்க. நானும் ஒக்காரறேன். நொரையீரல் வளரட்டும்."

உட்கார்ந்தோம். முதலில் எழுந்து ஓடித் தொட்டிலாட்டியது நான்தான்.

ஆயா அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பால் சட்டியின் மேல் வைத்து மூடினாள். "அளவு சரியா இருக்கு."

வாசகர்களுக்குக் கிடைக்கும் பயனை நூலாசிரியர்கள் எப்போதும் முன்கூட்டியே அறிவதில்லை.

நான் புறப்படும்போது ஆயாவின் குரல் திடீரென்று குழைந்தது.

"வாத்தியாரய்யா, சரசுவதி பூசை வருதே! புதுப் புத்தகத்தைப் பூசையில வைக்காம புள்ளைங்க கையில குடுக்கலாமா? நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க."

"அதெல்லாம் தேவையில்ல ஆயாம்மா."

"கோயில்ல வச்சா மொத மரியாத ஒங்களுக்குத்தான்."

நான் பகுத்தறிவு பேசுகிறவன். ஹட்டனில் ஒரு கூட்டத்தில் மேடையேறியும் பேசியிருக்கிறேன். ஆனால் முதல் மரியாதை என்றதும் பகுத்தறிவு சற்று ஒதுங்கி வழிவிட்டது.

மறுநாள் தப்பு அடித்துக்கொண்டு புத்தகங்கள் மாரியம்மன் கோயிலுக்கு ஊர்வலம் போயின. எனக்கு ஒரு செவ்வந்தி மாலை. பூசாரி மாரிமுத்து ஒவ்வோர் அட்டையிலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். யானைக்கு நெற்றியிலேயே அமைந்துவிட்டது. பால் சட்டிப் புத்தகத்தை மட்டும் ஆயா தரவில்லை. "அழுவுற புள்ளையத் தூக்காதன்னு சொல்ற புத்தகத்துக்கு என்னத்துக்குப் பூசை?" என்றுவிட்டாள்.

மாலையோடு பெருமையாகத் திரும்பி வந்தேன். பிள்ளைக்காம்பரா அலமாரியில் பால்மா டின்கள், தொட்டில் துணிகள், வெற்றிலைப் பெட்டி, எல்லாம் பழைய இடத்தில் இருந்தன.

"சும்மாதானே கெடந்திச்சு," என்றாள் ஆயா, வெற்றிலையை மடித்தபடி.

அவளுக்கு எப்படி அவ்வளவு பக்தி வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

பரவாயில்லை, பூசை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். ஆனால் துரைசாணி பூசையன்றைக்கே வந்துவிட்டார்! ஆயுத பூசைக்காகத் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு வந்த துரையோடு கூடவே வந்தவர், "நூலகத்தையும் பார்த்துவிடலாமே" என்றாராம். கந்தோர்ப் பியூன் ஓடிவந்து சொன்னான்.

நான் கோயிலுக்கு ஓடினேன்.

"பூசாரியாரே, புத்தகத்தைக் குடுங்க. தொரசாணி வருது. புள்ளைங்க கையில இல்லாட்டி வேற தோட்டத்துக்குக் கொண்டு போயிருவாங்க!"

"இன்னைக்கு ஏட்டைத் தொடலாமா? வாத்தியாரு பேசற பேச்சா இது?"

"ஒண்ணே ஒண்ணு. அந்த ஆனைப் புத்தகம்."

"அம்மனோட கையில ஒண்ணே ஒண்ண மட்டும் கழட்டித் தரவா?"

ஆயாவைப் பார்த்தேன். கூட்டத்தின் முன்வரிசையில் கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கண் முழுதாக மூடியிருக்கவில்லை.

பிள்ளைகளிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்று திரும்பினேன். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "இன்னைக்குப் படிச்சா சாமி கண்ணக் குத்தும் சார்!" வருடம் முழுவதிலும் அவர்கள் மறக்காமல் ஒப்பிக்கும் ஒரே பாடம் அதுதான்.

அதற்குள் துரை வந்துவிட்டார். ஸ்டோரில் போட்ட மாலை கழுத்தில். பின்னால் தொப்பியுடன் துரைசாணி.

"வாத்தியார், புஸ்தகம் எங்கே?"

கருவறைப் பக்கம் கைகாட்டினேன். அந்த நேரம் பார்த்துப் பூசாரி கற்பூரத்தை ஏற்றிப் புத்தகங்களுக்குக் காட்டினார். மணி அடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். கூட்டம் முழுவதும் கைகூப்பியது.

"ஆனை! ஆனை!" என்று பூமணி தாயின் இடுப்பிலிருந்து தாவினாள்.

"சாமியக் கும்பிடுடி!" என்று தாய் அவள் இரண்டு கையையும் பிடித்துச் சேர்த்துவைத்தாள்.

துரைசாணி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கற்பூரப் புகை என்று நினைத்தேன். இல்லை. இங்கிலீசில் நீளமாக ஏதோ சொன்னார். துரை அதைக் கூட்டத்துக்கு மொழிபெயர்த்தார்:

"தொரசாணி ரொம்ப சந்தோசம். எங்க ஊர்ப் பிள்ளை புஸ்தகம் கிழிக்கிறது. இந்தப் பிள்ளை கும்பிடுறது!"

புத்தகம் இந்தத் தோட்டத்திலேயே இருக்கலாம் என்றும் சொன்னார். கூட்டம் கைதட்டியது. கும்பிட அல்ல, படிக்கத்தான் கேட்டோம் என்று சொல்ல அதுதான் நேரம். "தேங்க் யூ மேடம்" என்றேன்.

அடுத்த வாரம் துரைசாணியின் அன்பளிப்பாகப் பிள்ளைக்காம்பராவுக்குப் புது அலமாரி ஒன்று வந்தது. முழுக்கக் கண்ணாடி. நல்ல பூட்டு. புத்தகங்களை அதற்குள் அடுக்கிச் சாவியைத் துரை தம் கந்தோரில் வைத்துக்கொண்டார். கேட்கப் போனேன்.

"பிள்ளை கை அழுக்கு," என்றார்.

ஆயாவிடம் வந்து முறையிட்டேன்.

"தொர சொல்றது சரிதானே? சந்தனம் வச்ச புத்தகம். மூத்திரம் போற புள்ளை தொடலாமா?"

குளிப்பாட்டிக் கொண்டுவந்தால் தொடலாமே என்று தாய்மாரிடம் கேட்டுப் பார்த்தேன். "இந்தக் குளிர்ல குளிப்பாட்டிச் சளி புடிச்சா யாரு பாக்கிறது, ஒங்க புத்தகமா?" என்றார்கள்.

துரையும் தொழிலாளரும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனதை நான் பார்த்தது அப்போதுதான். தொழிற்சங்கத்தால் முடியாததை என் நூலகம் முடித்துவைத்தது.

பூமணி தினமும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடிக்கு அப்பால் குங்குமப் பொட்டுடன் யானை நிற்கிறது. ஆயா வந்து அவள் மூக்கின் ஈரத்தைக் கண்ணாடியிலிருந்து துடைத்துவிட்டு, ஒரு கும்பிடும் போட்டுப் போகிறாள்.

நூலகம் எப்படி நடக்கிறது என்று சீமாட்டிகள் கேட்டு எழுதியிருந்தார்கள். மிகச் சிறப்பாக நடக்கிறது, இன்றுவரை ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை என்று பதில் போட்டேன்.