வெடிக்காத தேங்காய்

தேங்காய் உடைக்காமல் நம்மூரில் எந்தக் காரியமும் தொடங்காது. அந்தக் காரியம் வெடிகுண்டுகளைக் காட்சிக்கு வைப்பதாக இருந்தாலும் சரி.

சுதந்திரம் வந்த மறு வருடம், மயிலாப்பூர் குளத்தை ஒட்டிய ஒரு வீட்டில் புரட்சிக்காரர்களுக்கென்று ஒரு சின்ன மியூசியம் திறந்தார்கள். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை எனக்கு. திறப்பு விழாவில் ஒழுங்காகப் பேசினால்தான் வேலை நிரந்தரம் என்று செகரெட்டரி சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானால்தான் பெண் கொடுப்பேன் என்று மாமா சொல்லியிருந்தார். (இருவருக்கும் என்மேல் அவ்வளவு நம்பிக்கை!)

மியூசியத்தின் பெருமையே ஒரு தேங்காய்தான். சிந்தாதிரிப்பேட்டை முனுசாமி என்ற பெரியவர், இளவயதில் ஒரு துரையின் வண்டிமேல் வீசிய குண்டு அது. தேங்காயைக் குடைந்து மருந்தும் ஆணியும் அடைத்து மெழுகால் மூடியிருந்தார். குண்டு வெடிக்கவில்லை, அவர் மட்டும் ஜெயிலுக்குப் போனார். மருந்தை எடுத்து எத்தனையோ காலமாகிவிட்டது, உள்ளே வெறும் ஆணிதான். "அஞ்சாதீர்கள்!" என்று நான் கர்ஜித்து இதை விளக்க வேண்டும். அதற்காகவே கதர் ஜிப்பா தைத்திருந்தேன்.

பூஜைக்கு வந்த சாஸ்திரிகள் ஆயுத பூஜை வழக்கத்தை விடவில்லை. துப்பாக்கி, கைவிலங்கு, குண்டு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டார். பூஜைத் தேங்காய்க்கும்தான். இரண்டையும் ஒரே மேஜையில் வைத்த புண்ணியவான் நான். கற்பூரம் ஏற்றியதும் அவர் தேங்காய் கேட்டார். நான் கூட்டத்தைப் பார்த்து வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரே போடு. தண்ணீருக்குப் பதில் ஆணிகள் கொட்டின, எரிகிற கற்பூரத்துக்குப் பக்கத்திலேயே. சாஸ்திரிகள் நிதானமாக, "அழுகலா இருக்குமோன்னு பயந்தேன். ஆணின்னா வரது" என்றார்.

மருந்து இல்லை என்பது அங்கே முனுசாமிக்கு அடுத்தபடி நன்றாகத் தெரிந்தவன் நான். ஓடியவனும் நான் ஒருவன்தான். "ஐயோ குண்டு!" என்று அலறி, முன்வரிசை நாற்காலிகளைத் தாண்டியது ஞாபகமிருக்கிறது. மூச்சு வந்தபோது குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.

செகரெட்டரி படியில் வந்து நின்று, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். வேலையும் போச்சு, கல்யாணமும் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் முனுசாமி, கையில் உடைந்த மூடிகளோடு. அடிக்கத்தான் வருகிறார் என்று இன்னும் ஒரு படி உள்ளே இறங்கினேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"நீ சும்மா இரு நைனா," என்று செகரெட்டரியை அடக்கினார். "அன்னிக்கி போட்டேன், தொரை சிரிச்சிக்கினே போய்ட்டான். ஜெயில்லகூட சிரிச்சானுங்க. இத்தினி வருசத்துல என் குண்டுக்கு பயந்து ஓட்ன ஒரே ஆளு இவன்தான். இவன அனுப்புனா என் தேங்காயயும் குட்த்துடு, நான் போறேன்."

வேலை நிரந்தரமாயிற்று. உடைந்த மூடிகளைக் காட்டும்போது, பயந்து ஓடியது யார் என்பதையும் நானே சொல்லவேண்டும் என்பது பெரியவரின் நிபந்தனை. வேறு வழி? மாமா மகளுக்காகச் சொன்னேன், தினமும் சொன்னேன்.

அந்த மாமா மகள் இன்றும் வீட்டில் தேங்காய் உடைக்குமுன், வாசல் கதவை எனக்காக அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் அரிவாளை எடுப்பாள்.